அம்மா விழாமல் இருக்க எதற்கு முதலில் செலவு செய்வது? பாத்ரூம், பயிற்சி, பணிப்பெண், இடமாற்றம்: ஓர் ஒப்பீடு

அப்பா அம்மா பினாங்கில், பிள்ளைகள் கே.எல்.லிலோ சிங்கப்பூரிலோ. இப்படி இருக்கிற குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றேதான். "அம்மா குளிக்கப் போன இடத்தில் வழுக்கிவிட்டார், நல்லவேளை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அடுத்த தடவை என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. அண்ணன் பணிப்பெண் வைக்கலாம் என்கிறார், அக்கா பாத்ரூமை உடைத்துக் கட்டலாம் என்கிறார், எனக்கோ அம்மாவை இங்கேயே கூட்டி வந்துவிடலாம் என்று தோன்றுகிறது, எது சரி?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தானாக நடமாடுகிற பெரியவர் என்றால் முதல் காசு பாத்ரூமுக்கும் முதல் உழைப்பு காலுக்கும் போக வேண்டும். பணிப்பெண்ணும் இடமாற்றமும் அதற்கு அப்புறம். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் விழமாட்டார் என்று நம்புகிறோம். விழுவது ஒரு நொடியில் முடிந்துவிடும். அடுத்த அறையில் இருப்பவர் சத்தம் கேட்டுத்தான் ஓடி வருவார்.

இது அபூர்வமாக நடக்கிற விஷயமும் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எழுபதைத் தாண்டினால் இன்னும் அதிகம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

விலையை மட்டும் பார்த்தால் முடிவு தப்பாகும். ஒவ்வொரு வழியிடமும் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

- விழுவதையே தடுக்கிறதா, அல்லது விழுந்த பிறகு உதவுகிறதா?
- இரவு மூன்று மணிக்கு, அம்மா சிறுநீர் கழிக்க எழுந்து போகும்போது, அது வேலை செய்யுமா?
- பலன் எப்போது தெரியும்: இந்த வாரமா, மூன்று மாதம் கழித்தா?
- முதல் ரசீதுக்குப் பின்னால் வரும் செலவு என்ன?
- அம்மா அதை ஏற்றுக்கொள்வாரா? மாட்டிய கைப்பிடியைப் பிடிக்காமல் விட்டால் அது சுவரில் ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

## நான்கையும் தொடுவதற்கு முன்: மருந்து, ரத்த அழுத்தம், கண்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், காரணம் இதற்குச் செலவே கிட்டத்தட்ட இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அம்மா சாப்பிடுகிற எல்லாவற்றையும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "இதில் எது தலைசுற்ற வைக்கும், எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் சளி, அரிப்பு மாத்திரைகள், பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை எல்லாமே காலை வாரிவிடக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி அல்லது கீழ் அளவு 10 புள்ளி இறங்கினால், காலையில் கட்டிலிலிருந்து எழும்போது அம்மா ஏன் தடுமாறுகிறார் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. சர்க்கரை நோய் மலேசியாவில் நம் சமூகத்தில்தான் அதிகம். பல வருடம் ஆனவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும், தரை ஈரமா காய்ந்ததா என்றே கால் சொல்லாது. வெள்ளிக்கிழமை விரதம் இருந்துகொண்டு சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் நிறைய. சர்க்கரை இறங்கி மயக்கம் வருவது அப்படித்தான்.

இன்னொன்று, மூட்டுவலிக்குச் சந்தையில் வாங்கும் ஜாமு, சூரணம், குளிகை. இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. வலி மாயமாகப் போகும், கூடவே எலும்பும் தசையும் போகும். டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இல்லை என்றால் வேண்டாம்.

கண்ணில் புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மேலே தூரம், கீழே கிட்டம் பார்க்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு படி இறங்கினால் படி மங்கலாகத்தான் தெரியும், வெளியே நடமாடுவதற்குத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக இருப்பது நல்லது.

## வழி 1: பாத்ரூமையும் வீட்டையும் மாற்றுவது

ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பழைய டேரஸ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சமையலறையைத் தாண்டிக் கடைசியில் பாத்ரூம், ஒரு படி இறக்கம், குளிப்பதும் டாய்லட்டும் ஒரே இடம் என்பதால் தரை எப்போதும் ஈரம். அந்த ஒற்றைப் படிதான் மோசம். முழுப் படிக்கட்டில் எல்லோரும் கவனமாகத்தான் இறங்குவார்கள், ஒற்றைப் படியை மறந்துவிடுவார்கள்.

வீட்டு ஆபத்துகளைச் சரிசெய்வது பற்றி, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2023இல் வந்தது. விழுவது மொத்தத்தில் 26 விழுக்காடு குறைகிறது என்றும், ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்கே உதவி தேவைப்படுபவர்கள் மாதிரி ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் 38 விழுக்காடு குறைகிறது என்றும் அது சொல்கிறது. யாருக்கு இதைச் செய்ய வேண்டும் என்பதை இந்த இரண்டாவது எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உடைத்துக் கட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய கைப்பிடி இரண்டு, ஒன்று டாய்லட் பக்கத்தில், ஒன்று குளிக்கும் இடத்தில். ஹார்ட்வேர் கடையில் நல்ல எவர்சில்வர் கைப்பிடியே நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். எங்கே மாட்டுவது என்பதை மாட்ட வரும் ஆள் தீர்மானிக்க வேண்டாம். அம்மாவை உடையோடு உள்ளே போய், உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லுங்கள், கை தானாக எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி வேண்டாம், ஒரு நாள் கழன்று கையோடு வரும். துண்டு போடும் கம்பி ஒரு ஆளின் எடையைத் தாங்காது. செங்கல் சுவர் என்றால் சரி, பலகைத் தடுப்பு என்றால் பின்னால் கட்டை வைக்காமல் மாட்டக்கூடாது.

கூடவே பிளாஸ்டிக் முக்காலிக்குப் பதிலாக ரப்பர் கால் வைத்த குளியல் நாற்காலி, கையில் பிடிக்கும் ஷவர், கட்டிலிலிருந்து டாய்லட் வரைக்கும் ஆள் நடந்தால் தானாக எரியும் சின்ன விளக்குகள். பாத்ரூம் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் திறக்க மாற்றுங்கள், முடியாவிட்டால் தாழ்ப்பாளையாவது வெளியிலிருந்து திறக்கும்படி வையுங்கள். உள்ளே விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடப்பவரை எடுக்க முடியாமல் தவிப்பது கொடுமை. அப்புறம் எண்ணெய்க் குளியல். தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு டைல்ஸ் தரையில் நிற்கவே கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்து, உட்கார்ந்தபடியே குளித்து, பின்னால் வருபவர் சோப்புப் போட்டுத் தரையைக் கழுவிவிட வேண்டும். பூஜை அறையில் விளக்கிலிருந்து சிந்தும் எண்ணெயும் இதே கணக்குதான்.

மறைந்திருக்கும் செலவு: முழுதாக உடைத்தால் வேலை முடியும்வரை குளிக்க வேறு இடம் வேண்டும், ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் இது பெரிய பாடு. பிளாட்டில் தரையைத் தொட்டால் கீழ்வீட்டுக்கு நீர் கசியலாம். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். வழுக்காத டைல்ஸிலும் சோப்புப் படலம் படிந்தால் வழுக்கும், அதைத் தேய்க்கும் வேலை நிரந்தரம்.

எப்போது இதுவே சரி: அம்மா சொந்த வீட்டில் இருக்கிறார், தானாக நடக்கிறார், ஏற்கெனவே விழுந்திருக்கிறார் அல்லது சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். பலன் அன்றைக்கே தெரியும், இரவு மூன்று மணிக்கும் விழித்திருக்கும்.

## வழி 2: கால் பலத்துக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி

இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை, கையில் காட்ட ரசீது இல்லாததால் இருக்கலாம். ஆனால் ஆதாரம் அதிகம் இருப்பது இதற்குத்தான். 2019இல் வந்த காக்ரேன் மீளாய்வில் பயிற்சி விழுவதை 23 விழுக்காடு குறைத்தது; சமநிலைப் பயிற்சியோடு தசைப் பயிற்சியும் சேர்ந்தபோது குறைவு இன்னும் அதிகம். வழுக்கும் தரை எங்கேயும் இருக்கலாம், கோயிலில் கால் கழுவும் இடத்தில், பசாரில் மீன் கடை முன்னால், அஞ்சடியில் கடைக்குக் கடை ஏறி இறங்கும் தரையில். அங்கெல்லாம் கூடவே வருவது அம்மாவின் கால்தான்.

"அம்மா தினமும் நடக்கிறார், போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் நடை மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தடுமாற வைக்கும் அளவுக்குச் சமநிலையைச் சோதிக்கும் பயிற்சி வேண்டும்: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சிமுறை இப்படித்தான், வாரம் மூன்று நாள் அரை மணி நேரம், பிடித்துக்கொள்ள ஏதாவது பக்கத்தில், பழகப் பழகக் கடினமாக்கிக்கொண்டே போவது. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் (பிசியோ) வந்து பார்த்து அம்மாவுக்கு ஏற்றபடி வகுத்துக்கொடுத்தால் நல்லது.

தாய் சியும் விழுவதைக் குறைக்கிறது. பொட்டானிக் கார்டனிலும் யூத் பார்க்கிலும் காலையில் கூட்டமாகச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது சீனர்களின் விஷயம் என்று நம்மவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள், அப்படி ஒதுங்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டியோடு போய்ப் பின்வரிசையில் நிற்கட்டும். சமூகநல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்களையும், பாவே என்பார்கள், விசாரித்துப் பாருங்கள். யோகா வகுப்புக்குப் போகிறார் என்றால் நின்று செய்யும் ஆசனங்கள் அதில் உண்டா என்று கேளுங்கள். மூச்சுப் பயிற்சி மனத்துக்கு நல்லது, அது காலுக்குப் பலம் தராது.

மறைந்திருக்கும் செலவு: நேரம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். பிசியோ வீட்டுக்கு வந்தால் ஒரு தடவைக்கே நூறு வெள்ளிக்கு மேல் ஆகலாம். முக்கியமான செலவு, கூட நின்று தினமும் நினைவூட்ட ஒரு ஆள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு வீடியோ அழைப்பில் அம்மாவோடு சேர்ந்து செய்வது ஒரு வழி, உங்கள் முழங்காலுக்கும் அது நல்லதுதான்.

எப்போது இதுவே சரி: இன்னும் விழாதவர், அறுபதுகளிலோ எழுபதுகளின் தொடக்கத்திலோ இருப்பவர், மனம் தெளிவாக இருப்பவர். எண்பதிலும் செய்யலாம், ஆனால் அப்போது வழி 1 முதலில் வர வேண்டும்.

## வழி 3: பணிப்பெண் வைப்பது

இந்தோனேசியாவோடு 2022இல் செய்த ஒப்பந்தப்படி அங்கிருந்து வரும் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இதற்கு மேல் ஏஜன்சிக் கட்டணம், அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி, காப்புறுதி, சாப்பாடு, தங்க ஒரு அறை. ஓய்வு நாளில் யார் பார்ப்பது என்பதை யோசிக்காமலே பல குடும்பங்கள் ஆள் எடுத்துவிடுகின்றன. அந்த ஓய்வு அவருடைய உரிமை, அதைப் பிடுங்கி இந்தக் கணக்கைச் சரிக்கட்டக் கூடாது.

பெரிய செலவு வேறு. நல்ல மனசுள்ள பணிப்பெண் அம்மாவை ஒரு கப் கூட எடுக்க விடமாட்டார். "நீங்க உட்காருங்க" என்று நாள் முழுக்க உட்கார வைத்தால், சமைத்து, துணி காயப்போட்டு, பூப்பறித்து ஓடிக்கொண்டிருந்த கால் சில மாதத்தில் பலமிழந்துவிடும். பிறகு உண்மையிலேயே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும். இரவில் பணிப்பெண்ணும் தூங்குவார், தூங்கத்தான் வேண்டும். விழும் ஆளைப் பாய்ந்து பிடித்தால் இரண்டு பேருக்கும் அடிபடும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும், பணிப்பெண்ணுக்கு மலாய் மட்டும்தான் வரும் என்றால் "தலை சுத்துது" என்பதைக்கூடச் சொல்ல முடியாமல் போகலாம்.

எப்போது இதுவே சரி: மறதி நோய், பார்க்கின்சன், பக்கவாதத்துக்குப் பின், இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், அல்லது டாய்லட் போவதற்கே கை பிடிக்க வேண்டிய நிலையில். அப்போது தயங்காதீர்கள். வைத்த அன்றைக்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அம்மா செய்யக்கூடியதை அம்மாவே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரிக்கழிவு இருக்கிறது, பராமரிப்பு தேவை என்று டாக்டரின் சான்று வேண்டும், ரசீதுகளை வைத்திருங்கள்.

## வழி 4: உங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவது

அன்பில் எடுக்கும் முடிவு இது, அதனாலேயே கணக்குப் பார்க்காமல் எடுக்கப்படுகிறது. உங்கள் வீடு இரட்டை மாடி டேரஸ், படுக்கையறையெல்லாம் மாடியில் என்றால் அம்மாவைப் படிக்கட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள். காண்டோ என்றால் லிப்ட் உண்டு, தரை சமம், நல்லது. ஆனால் இருட்டில் பழைய வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே போகத் தெரிந்தவருக்குப் புது வீட்டில் டாய்லட் எந்தப் பக்கம் என்று தடுமாற்றம் வரும், முதல் சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போனால் அம்மா பன்னிரண்டாவது மாடியில் தனியாக.

மறைந்திருக்கும் செலவு: பசார், கோயில், பூக்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர் என்று அவரை நாள் முழுக்க நடக்க வைத்தவை எல்லாம் பினாங்கிலேயே நின்றுவிடும். நடை குறையும், பேச்சு குறையும், அது காலைத்தான் முதலில் பாதிக்கும்.

எப்போது இதுவே சரி: லிப்ட் இல்லாத நான்கைந்து மாடி பிளாட்டில் மேல்மாடியில் இருப்பவர், துணை இறந்து தனியாகி, சரியாகச் சாப்பிடாமல் மெலிகிறவர், வீட்டில் பகலில் ஆள் இருக்கும் குடும்பம். வீட்டை விற்காமல் முதலில் ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லிப் பாருங்கள், அதற்குள் உங்கள் பாத்ரூமிலும் கைப்பிடி மாட்டியிருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பாத்ரூம், வீடு | பயிற்சி | பணிப்பெண் | கூட்டி வருவது |
|---|---|---|---|---|
| விழுவதைத் தடுக்குமா | ஆம், வீட்டுக்குள் | ஆம், எங்கேயும் | கையைப் பிடித்திருந்தால் மட்டும் | வீட்டைப் பொறுத்தது |
| இரவு 3 மணிக்கு | ஆம் | ஆம் | எழுப்பினால் | தொடக்கத்தில் ஆபத்து கூடும் |
| பலன் எப்போது | உடனே | 2–3 மாதம் | உடனே | மெதுவாக |
| பணம் | ஒரு தடவை | குறைவு | மாதாமாதம் | மறைமுகமாக அதிகம் |
| அம்மா ஒப்புவாரா | பெரும்பாலும் | துணை இருந்தால் | சிலர் மறுப்பார்கள் | கேட்டுப் பார்க்க வேண்டும் |

கைத்தடியும் அலாரமும் ஏன் இல்லை என்று கேட்கலாம். கைத்தடி தேவைப்பட்டால் பிசியோ அளந்து கொடுக்க வேண்டும்: கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும், பலவீனமான காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இறந்துபோன அப்பாவின் தடியை அம்மா எடுத்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது, அது உயரமாக இருந்து தோளைத் தூக்கிவிடும். கழுத்தில் மாட்டும் அலாரம் விழுவதைத் தடுக்காது, ஆனால் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதைத் தடுக்கும், தனியாக இருப்பவருக்கு வாங்குங்கள். அலாரம் அடித்தும் உள்ளிருந்து பூட்டிய கிரில்லைத் திறக்க முடியாவிட்டால் 999க்கு அழைத்தும் நேரம்தான் போகும், நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி இருக்கட்டும்.

## எந்த வீட்டுக்கு எது

ஒரு எளிய சோதனை. அம்மாவை நாற்காலியில் உட்கார வையுங்கள், எழுந்து 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்றுகொண்டு நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

12க்குள் முடித்துவிட்டார், இதுவரை விழவில்லை: பயிற்சியை இந்த வாரமே தொடங்குங்கள், இரவு விளக்கும் இரண்டு கைப்பிடியும் போதும், பணிப்பெண் வேண்டாம்.

12ஐத் தாண்டுகிறது அல்லது இந்த ஆண்டில் விழுந்திருக்கிறார்: கிளினிக்கில் மருந்தும் பிரஷரும், அதே வாரத்தில் பாத்ரூம், பிறகு பிசியோ மேற்பார்வையில் பயிற்சி. இரண்டாவது தடவை விழுந்திருந்தாலோ விழும்போது மயங்கியிருந்தாலோ முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மறதி இருக்கிறது, அல்லது எழவே கை கொடுக்க வேண்டியிருக்கிறது: ஆள் வேண்டும், பாத்ரூமும் வேண்டும், இரண்டில் ஒன்று என்று பேரம் பேசும் கட்டம் தாண்டிவிட்டது. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து யார் மாதம் எவ்வளவு தருவது, பணிப்பெண்ணின் ஓய்வு நாளில் யார் வருவது என்று பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள், அந்தப் பேச்சில் அம்மாவும் உட்கார்ந்திருக்கட்டும்.